மீதிக்கு ஒரு மணி

சேலத்திலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றி வந்திருந்தேன்,
நான்கு நாள் விடுமுறைக்கு.
துணைக்கு யார் என்று கேட்டார்கள் வங்கியில்.
பதினெட்டு கியர் என்றேன்.

பன்னேருகட்டா தாண்டி, ராகிஹள்ளிக்குப் போகிற ஏற்றத்தில்
எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தேன்.
சுள்ளி ஒடிகிற சத்தம்.
தொங்கிக்கொண்டிருந்த காதைப் பிய்த்துக்கொண்டு
பின்கியர் ஆரக்கால்களுக்குள் போய் விழுந்தது.

பெங்களூரில் நான் பார்த்த கடைகளுக்குக்
கண்ணாடிக் கதவு உண்டு, உள்ளே காபி உண்டு,
என்ன மாடல் என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளைத் தொடுவார்கள்.
இங்கே பாதி ஏற்றிய ஷட்டர்.
வாசல் தொட்டித் தண்ணீரில்
எருமைபோல் ஊறிக் கிடந்தது ஒரு டிராக்டர் டியூப்.
பலகையில் கன்னடம். கீழே இருந்த போன் எண் மட்டும்
எனக்குப் படிக்க வந்தது.

சவுடப்பா.
பெயரைக் கடைசியில்தான் கேட்டேன்.
முதலில் கேட்டவர் அவர்: எல்லிந்தா?
சேலம்.
ஓ, மாம்பழம், என்றுவிட்டு
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்.

அந்தப் பாகம் என்னிடம் இல்லை,
சிட்டியிலிருந்து நாளை மத்தியானம்தான் வரும்,
காத்திருந்தால் உன் லீவு என் கடையிலேயே தீர்ந்துவிடும்.
பாதி கன்னடத்தில், பாதி தெலுங்கில் சொன்னார்.
மீதியை ஸ்பானர் சொன்னது.

சங்கிலியை அறுத்தார்.
ஐயோ என்றேன். அது மூன்று மொழியிலும் ஒன்றுதான்,
சிரித்தார்.
கணுக்களை எண்ணிக் கழற்றி,
பூ முழம் போடுகிறவர்போல் இழுத்துப் பிடித்து,
திருப்தியில்லாமல்
இன்னும் இரண்டு கணு.
முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம்,
நடுவில் நேர்கோடு.
"ஒந்தே சாக்கு."
ஒன்று போதுமாம்.
பதினெட்டுக்கும் கட்டிய தவணை ஞாபகம் வந்தது.
தொட்டது என்னவோ எப்போதும் மூன்றுதான்.

அப்போது காட்டிலாகாக் காவலர் ஒருவர்
பைக்கை நிறுத்தாமலே
இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.
மணி இரண்டு என்கிறாரோ என்று நினைத்தேன்;
மணி நாலரை.
சவுடப்பா ஷட்டரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
கடைசி நட்டை வேகமாக முடுக்கினார்.

நாற்பது ரூபாய்.
இருநூறாக நீட்டினேன். சில்லறை இல்லை.
போனில் சிக்னல் இல்லை.
மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அது மட்டும் அவருக்கு எந்த மொழியிலும் புரியவில்லை.

டிராயரைத் துழாவினார்.
பஞ்சர் ஒட்டு நான்கு. பசை ஒரு டியூப்.
விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார், இன்னும் பாக்கி வந்தது.
மேல்தட்டிலிருந்து ஒரு பித்தளை மணியை இறக்கி
வேட்டித் தலைப்பில் துடைத்து
கைப்பிடியில் மாட்டினார்.
அடித்துப் பார்க்கப் போனேன்.
கையை உயர்த்தித் தடுத்தார்:
"ஆனே இத்ரே பாரிஸ்பேடா."
ஆனை நின்றால் அடிக்காதே.
அந்த இரண்டு விரல் அப்போதுதான் விளங்கியது.
வந்த வழியே திரும்பிப் போ,
இடப்பக்கக் குறுக்குப் பாதை வேண்டாம் என்றார்.
என் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியது.

மூங்கில் ஓரம், வளைவு தாண்டி,
தார்மேல் லத்தி. ஆவி பறந்தது.
இறங்கி உருட்டினேன்.
குழிக்குக் குழி
மணி தானாகக் கிணுங்கியது.
முதல் நாள் அல்லவா, பேச ஆசை இருக்கும்.
உள்ளங்கையால் பொத்தினேன்.

இடப்பக்கம் சுள்ளி ஒடிகிற சத்தம்.
இந்த முறை அது
என் சைக்கிள் இல்லை.

ஊர் விளக்கு தெரியும்வரை கையை எடுக்கவில்லை.
அறையில் சோப்புப் போட்டு இருமுறை கழுவிய பிறகும்
உள்ளங்கையில் வட்டமாகப்
பித்தளை வாசம்.